திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தவர் – டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி



இந்த ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடும்மா என்று யூனியன் அண்ணன் கேட்டபோது எனக்குத் திக்கென்று இருந்தது. கவிதை எழுத எனக்கு வராது. துணுக்குப் பக்கத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கே.கே. நகரில் ஒரு தெரு முனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறார். அம்மா நாலு வீட்டில் வேலை பார்க்கிறார். படிப்பு என்றால் என்ன, காலேஜ் என்றால் எப்படி இருக்கும் என்று சொல்லிக் கொடுக்க வீட்டில் யாரும் கிடையாது. அதனால், என்னைப் போலவே வழிகாட்டி யாரும் இல்லாத பாதையில் முதன்முதலாக நடந்து போன ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

அந்தப் பெயரை நான் முதலில் தெரிந்துகொண்டது அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில். போன வருஷம் பெரியம்மாவுக்குத் துணையாக அசோக் பில்லரில் பஸ் ஏறி அங்கே போவேன். ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி, இந்த ஆஸ்பத்திரியைக் கட்டினதே ஒரு பொம்பளை டாக்டர்தான் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அப்புறம்தான் லைப்ரரியில் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது ஒரு டாக்டரின் கதை மட்டும் இல்லை, நம்ம காலேஜ் கதையும்கூட என்று புரிந்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

புதுக்கோட்டைச் சிறுமி

முத்துலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். தந்தை நாராயணசாமி ஐயர், பெரிய படிப்பாளி, கல்வித் துறையில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தச் சமூகத்தில் சில குடும்பங்களின் பெண் பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. சந்திரம்மாளை மணந்ததற்காக ஐயரை அவருடைய உறவுக்காரர்கள் ஒதுக்கி வைத்தார்கள். ஆக, பிறக்கும்போதே இந்தக் குழந்தைக்கு இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது. அப்பா பக்கத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அம்மா பக்கத்தைச் சொல்லி ஊரே இளக்காரமாகப் பார்க்கும்.

பெண் பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவதுதான் அன்றைய வழக்கம். முத்துலட்சுமிக்கும் அதுவே நடந்தது. ஆனால் அப்பா விடவில்லை. வீட்டிலேயே பாடம் தொடர்ந்தது. அம்மாவுக்கோ மகளுக்குச் சீக்கிரம் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட வேண்டும் என்ற கவலை. அந்தக் காலத்து அம்மா என்றில்லை, பன்னிரண்டாவது முடித்ததும் எங்க அம்மாவுக்கும் அதே கவலைதான்! மகள் பிடிவாதமாக இருந்தார். வீட்டில் இருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதித் தேறினார்.

கல்லூரியில் ஒரே ஒரு பெண்

அடுத்தது மன்னர் கல்லூரி. அங்கே படித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். முத்துலட்சுமி விண்ணப்பம் போட்டதும் புதுக்கோட்டையே கொதித்தது. அன்றைய கல்லூரி முதல்வருக்குச் சம்மதம் இல்லை. மாணவர்களின் பெற்றோர்களும் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, இவர் பெண். இன்னொன்று, இவர் அம்மாவின் குலம். இப்படிப்பட்ட பெண் வந்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று பயந்தார்களாம். சிந்தித்துப் பாருங்கள் தோழர்களே! மெட்ரிகுலேஷன் தேறியவரின் மார்க்கைப் பார்க்கவில்லை, திறமையைப் பார்க்கவில்லை. பிறப்பைப் பார்த்தார்கள்.

அப்போது ராஜாவாக இருந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இந்த எதிர்ப்பை எல்லாம் தள்ளிவிட்டு முத்துலட்சுமிக்கு இடம் கொடுத்தார். உதவித்தொகையும் கொடுத்தார். 1904-ஆம் ஆண்டு அந்தக் கல்லூரியின் ஒரே மாணவியாக அவர் உள்ளே நுழைந்தார்.

நுழைந்தார், சரி. ஆனால் எப்படி உட்கார்ந்தார் தெரியுமா? கல்லூரிக்குப் போவது மூடிய வண்டியில். வகுப்பில் ஆண் மாணவர்கள் பார்க்காதபடி நடுவில் திரை. திரைக்கு அந்தப் பக்கம் வகுப்பு, இந்தப் பக்கம் தனியாக ஒரு பெண். பாடம் காதில் விழும். வகுப்பில் நடக்கிற பேச்சு, சிரிப்பு எதிலும் பங்கு கிடையாது. ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கக்கூட ஆள் கிடையாது. சேர்த்துக்கொள்வது வேறு, கூட உட்கார வைத்துக்கொள்வது வேறு என்று இந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ராஜாவின் உத்தரவு வாசல் கதவைத் திறந்தது. அந்தத் திரையை எடுக்க எந்த உத்தரவும் வரவில்லை.

சென்னையில் டாக்டர் படிப்பு

இன்டர்மீடியட் முடிந்ததும் டீச்சர் வேலைக்குப் போகலாமே என்று அப்பா நினைத்தார். முத்துலட்சுமிக்கு மனசு அதில் நிற்கவில்லை. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் பெண்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். அறுவை சிகிச்சை வகுப்பில் பெண்களை அனுமதிக்க விரும்பாத ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் இருந்தார் என்றும், இவர் பரீட்சையில் வாங்கிய மார்க்கைப் பார்த்து மனம் மாறினார் என்றும் சொல்வார்கள். பரிசுகளும் பதக்கங்களும் வாங்கி, 1912-இல் டாக்டராக வெளியே வந்தார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றினார். மாணவியாக இருந்தபோதே சரோஜினி நாயுடுவின் அறிமுகம் கிடைத்தது. பெண்கள் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினார்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்தார். திருமணத்துக்கு முன்பே ஒரு நிபந்தனை போட்டார். என்னைச் சமமாக மதிக்க வேண்டும், என் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதே அது. அவரும் ஒப்புக்கொண்டார், கடைசிவரை காப்பாற்றவும் செய்தார். 1914-இல் இப்படிக் கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இன்றைக்கும் நம்ம வீடுகளில் இதைக் கேட்டால் வாயாடி என்று பட்டம் கட்டி விடுவார்கள்.

1925-இல் மேல்படிப்புக்காக லண்டன் போனார். திரும்பி வந்ததும் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண் இவர்தான். அதே அவையில் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். திரைக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்ட பெண், ஆண்கள் நிறைந்த அவையைத் தலைமை நாற்காலியில் உட்கார்ந்து நடத்தினார்!

சட்டசபையில் என்ன செய்தார்?

பெண் கல்விக்காக ஓயாமல் பேசினார். முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி, தாழ்த்தப்பட்ட மாணவிகளுக்கு உதவித்தொகை ஆகியவற்றுக்காகப் பாடுபட்டார். 1928-இல் இந்தியக் கல்வி நிலையை ஆராய அமைத்த ஹார்டாக் குழுவில் ஓர் உறுப்பினராக இருந்து நாடு முழுக்கச் சுற்றினார்.

அவருடைய பெரிய போராட்டம் தேவதாசி முறையை எதிர்த்து. 1927-இல் அவையில் தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது. மதத்தில் கை வைக்கிறார் என்று பெரிய தலைவர்களே பேசினார்கள். அந்தச் சமூகத்துப் பெண்களிலேயே ஒரு பகுதியினர், எங்கள் பிழைப்பு போய்விடும் என்று எதிர்த்தார்கள். அவர்கள் பயத்திலும் ஒரு நியாயம் இருந்தது. கோயில் ஊழியத்துக்காக அவர்களுக்கு மானிய நிலம் கொடுத்திருந்தார்கள். ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும். அதனால் 1929-இல் வந்த சட்டம், ஊழியத்திலிருந்து விடுபட்டாலும் நிலம் அந்தப் பெண்களிடமே இருக்க வழி செய்தது. இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். வழக்கத்தை ஒழிக்கிறேன் என்று சொல்லி அந்தப் பெண்களின் சோற்றில் மண் அள்ளிப் போடவில்லை. முழுத் தடைச் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. இருபது வருஷப் போராட்டம் அது. மாயவரம் பக்கத்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராக மேடை ஏறி இதற்காகப் பாடுபட்டார். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் இந்த அம்மையார் பெயரில் உள்ளதுதான். அந்த மாதம் ஆயிரம் ரூபாய் எனக்கும் வந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த கதை பணம் வாங்கியபோது எனக்குத் தெரியாது.

1930-இல் காந்தியடிகள் உப்புச் சத்தியாகிரகத்தில் கைதானபோது, முத்துலட்சுமி பதவியை ராஜினாமா செய்தார்.

கதவைத் தட்டிய பெண்கள்

அந்தச் சமயத்தில்தான், பொட்டுக் கட்டுவதற்குப் பயந்து ஓடி வந்த சில இளம் பெண்கள் டாக்டர் அம்மா வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எங்களுக்குப் படிக்க வேண்டும், தங்க இடம் வேண்டும் என்று கேட்டார்கள். சென்னையில் மாணவியர் விடுதிகள் இருந்தன. அங்கே சேர்க்க முயற்சி செய்தார். இவர்கள் எந்தச் சமூகம் என்று தெரிந்ததும் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.

தோழர்களே, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் தனக்கு நடந்தது, இப்போது சென்னையில் இந்தப் பெண்களுக்கு நடக்கிறது. அதைப் பார்த்தபோது அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! ஆனால் அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. அந்தப் பெண்களைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். பிறகு அது அடையாறுக்கு மாறியது. சாதி பார்க்காமல் ஆதரவற்ற பெண் குழந்தைகளைச் சேர்த்து, படிக்க வைத்து, சொந்தக் காலில் நிற்க வைத்தார்.

பன்னிரண்டு படுக்கைகள்

1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்த வலி அவரை விட்டுப் போகவே இல்லை. இந்த நோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்று வருஷக்கணக்கில் அலைந்து பணம் திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னால் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதைப் பெரிதாக வளர்த்தார்கள். ஏழை, பணக்காரர், எந்த ஊர், எந்த மதம் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்தேன். எங்க பெரியம்மாவும் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்தார். இப்போது நன்றாக இருக்கிறார்.

1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1968 ஜூலை 22 அன்று சென்னையில் காலமானார்.

இப்போது நம்ம கதை

இது நம்ம காலேஜ் கதையும்கூட என்று சொன்னேன் அல்லவா? ஏன் என்று இப்போது சொல்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

மெக்கானிக்கல் பிரிவில் பெண்கள் ரொம்பக் குறைவு. முதலாம் ஆண்டு ஒர்க் ஷாப்பில் பையன்கள் லேத்தில் நிற்பார்கள். நாங்கள் ஓரமாக நின்று ரெக்கார்டில் அளவு எழுதுவோம். யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை. உங்களுக்கு எதுக்கும்மா கஷ்டம், நாங்களே ஜாபை முடிச்சுடறோம் என்று நல்லபடியாகத்தான் சொன்னார்கள். ஆனால் பிராக்டிகல் பரீட்சையில் எனக்கு டூலைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை. கை நடுங்கியது. காக்கிச் சட்டை போட்டிருந்தேன், அட்டெண்டன்ஸ் இருந்தது. ஆனாலும் நான் திரைக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறேன்.

அது எனக்கு நடந்தது. நான் செய்ததையும் சொல்ல வேண்டும். மதிய சாப்பாட்டுக்கு நாங்கள் அஞ்சு பேர் வட்டமாக உட்காருவோம். ஊரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஒரு பெண் எங்களோடு உட்கார வந்தாள். எங்கள் வட்டத்தில் ஒருத்தி அவளிடம் எந்த ஊர் என்று கேட்டாள். அப்புறம் ஊரில் எந்தத் தெரு என்று கேட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் பதில் சொன்னாள். மறுநாள் வட்டம் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, டிபன் பாக்ஸ்கள்தான் நகர்ந்தன. என்னுடையதும் நகர்ந்தது. அவள் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். எனக்குத் திரை போட்டபோது வலித்தது. நானே ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அது திரை என்றே எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண்கள் கதவைத் தட்டிய கதையைப் படித்த மறுநாள் நான் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். பரவாயில்லடி, பழகிடுச்சு என்றாள். அந்தப் பழகிடுச்சு என்ற வார்த்தை இன்னும் எனக்கு வலிக்கிறது. இப்போது நாங்கள் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். அவள் பேரை இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சின்ன விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். எந்தத் தெரு என்ற கேள்வியில் தொடங்குவது எங்கே போய் முடியும் என்று நம் நாடு பார்த்திருக்கிறது. 2023-இல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் அறிக்கை கொடுத்தது. ராகிங்கும் அப்படித்தான். விளையாட்டு என்றுதான் ஆரம்பிக்கும். 1996-இல் சிதம்பரத்தில் ஒரு முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் சீனியர் கையால் கொல்லப்பட்ட பிறகுதான், 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை ஜெயில், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், படிப்பும் போய்விடும். ராகிங் பற்றிப் புகார் சொல்ல 1800-180-5522 என்ற இலவச எண் இருக்கிறது. பெண்களுக்குத் தொல்லை என்றால் 2013 சட்டப்படி காலேஜுக்குள்ளேயே உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

ஆனால் சட்டம் ராஜாவின் உத்தரவு மாதிரி. கதவைத் திறந்துவிடும். உள்ளே இருக்கும் திரையை நாம்தான் எடுக்க வேண்டும். அதற்காக நம் யூனியனுக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, ஒர்க் ஷாப்பில் பேட்ச் பிரிக்கும்போது ரோல் நம்பர் வரிசைப்படி பிரித்து, ஆண், பெண் எல்லோரும் லேத்தில் நிற்கும்படி ஆசிரியர்களிடம் கேட்க வேண்டும். இரண்டு, புது மாணவர்கள் வரும் முதல் வாரத்தில் சீனியர்களும் ஜூனியர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட ஏற்பாடு செய்ய வேண்டும். மூன்று, யாரையும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை என்று நாம் எல்லோரும் உறுதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வருஷம் நான் லேத்தில் ஸ்டெப் டர்னிங் ஜாபை நானே முடித்தேன். அளவு கொஞ்சம் தப்பிவிட்டது, மார்க் குறைந்தது. பரவாயில்லை, அடுத்த ஜாபில் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்குப் போய் அந்த இரும்புத் துண்டை அப்பாவிடம் காட்டினேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மதிய வேளையில் யாராவது தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தால், உங்கள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகருங்கள் தோழர்களே!



– இரண்டாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் பிரிவு